38,412-இல் நின்ற மீட்டர்

அப்பாவின் புல்லட்டில் மீட்டர் 38,412-இல் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1972 மாடல், 350 சிசி, திருவொற்றியூரில் செய்த வண்டி, வலது காலில் கியர். 1981-இல் அப்பா அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஐந்து இலக்க மீட்டர் என்பதால் ஒரு முழுச் சுற்று முடிந்து பூஜ்யத்திலிருந்து மறுபடி வந்த 38 ஆயிரம் அது, அதாவது உண்மையில் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். அவரிடம் ஒரு பெட்ரோல் டைரி உண்டு. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று நான்கு கட்டம் ஸ்கேல் வைத்துப் போட்டிருப்பார். கடைசிப் பத்து வருடத்துப் பக்கங்களில் கிலோமீட்டர் கட்டம் மட்டும் காலி.

ஆர்சி புதுப்பிக்க வேண்டிய வருடம் வந்தது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அதில் ஹாரன், லைட், பிரேக்கோடு ஸ்பீடோமீட்டரும் வேலை செய்ய வேண்டும். சரி, இந்தத் தடவை நாமே சரி பண்ணிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

ஆரம்பிக்கும் முன் அப்பாவிடம், "எப்போப்பா நின்னுச்சு?" என்று கேட்டேன். "மதுராந்தகம் பக்கத்துல முன் வீல் பஞ்சர் ஆச்சுடா. ஒட்டி மாட்டினதுக்கு அப்புறம் ஓடலை" என்றார். முழு விடையும் அதில் இருந்தது. எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. மீட்டர் ஓடவில்லை என்றால் கோளாறு மீட்டரில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஹெட்லைட் மேல் இருந்து மீட்டரைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு வந்த நான்கு மாத அலைச்சலுக்கும் செலவுக்கும் காரணம் அந்த முடிவுதான்.

முதலில் மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் கம்பெனி மாதிரி காந்த மீட்டர். முன் வீலிலிருந்து வரும் கேபிள் உள்ளே ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல், மயிரிழை இடைவெளி விட்டு, ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். வாட்ச்சில் இருப்பது போன்ற ஒரு ஹேர் ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். முள்ளுக்கும் கேபிளுக்கும் நடுவே இரும்புத் தொடர்பு எதுவும் கிடையாது. கிலோமீட்டர் எண்கள் அப்படியில்லை, அவை வார்ம் கியர், பினியன் என்று பல்லோடு பல் கடித்து ஓடுபவை. ஆக ஒரே டப்பாவுக்குள் இரண்டு வேறு வேறு கருவிகள் இருக்கின்றன. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரிங் மடித்துவிடப்பட்டது. மழுங்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்து, ஒரே இடத்தில் நெம்பாமல், சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு இடத்திலும் அரிசி அளவு மட்டும் தூக்கினால் நாலைந்து சுற்றில் கழன்று வரும். அவசரப்பட்டால் ரிங் நெளிந்துவிடும், நெளிந்ததை எவ்வளவு தட்டினாலும் பழைய வட்டம் வராது. இதை நான் பொறுமையாகத்தான் செய்தேன். டயலில்தான் தவறினேன். ஐம்பது வருடத் தூசியும் கிரீஸ் ஆவியும் படிந்து டயல் மங்கியிருந்தது. ஈரத் துணியால் ஒரே ஒரு தடவை, லேசாகத்தான், துடைத்தேன். துணியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. பார்த்தால் டயலில் 80-இல் இருந்த 8 பாதிதான் இருக்கிறது. அந்தக் காலத்து டயல் அச்சு வயதாகி மேலே சும்மா உட்கார்ந்திருக்கும், தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட் எது பட்டாலும் வந்துவிடும். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள், போகாத கறை இருந்துவிட்டுப் போகட்டும். அந்த 8 இன்றைக்கும் பாதியாகத்தான் இருக்கிறது, மறுபடி வரைய எனக்கு மனம் வரவில்லை.

அதோடு பயந்துபோய் ஒரு மீட்டர் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கண்ணாடி பளிச், ரிங் பளிச், எண்கள் 00000. "உள்ளே எல்லாம் புதுசு போட்டாச்சு சார்" என்றார்கள். பழைய பாகங்களைக் கேட்டேன், தூக்கிப் போட்டாச்சு என்று பதில் வந்தது. எதற்கு 38,412-ஐ அழித்தீர்கள் என்று கேட்டதற்கு, எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்றார்கள். அன்று வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது. பழைய மீட்டரை யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் டயல், பின்பக்கம், எண்கள் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ரசீதில் டயலின் அடியில் இருக்கும் சின்ன எண்களையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லுங்கள், கழற்றும் எந்தப் பாகமும் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பேசாமல் கொடுத்தது என் தப்பு.

இதில் கொடுமை என்னவென்றால், மீட்டரை மாட்டி வண்டியை ஓட்டினால் முள் அசையவே இல்லை.

அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மீட்டர் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, முன் வீலைத் தூக்கி நிறுத்தி, கையால் சுற்றினேன். கேபிள் முனை சுற்றவில்லை. கேபிளை வீல் பக்கமும் உருவி, விரலால் ஒரு முனையைத் திருப்பினால் மறு முனை திரும்புகிறது, ஆக கேபிள் அறுபடவில்லை. மிச்சம் இருப்பது வீல் அச்சில் உட்கார்ந்து, வீலின் சுற்றைக் கேபிளுக்குக் கொடுக்கும் மீட்டர் டிரைவ். அச்சை உருவி அதைக் கையில் எடுத்தேன். அதற்குள் ஒரு வளையம், அந்த வளையத்தில் எதிரெதிராக இரண்டு காதுகள். அந்தக் காதுகள் வீல் ஹப்பில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் வீலோடு வளையம் சுற்றும். பஞ்சர் ஒட்டி மாட்டும்போது காது பள்ளத்தில் விழுந்ததா என்று பார்க்காமல் அச்சு நட்டை முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு காதும் நசுங்கி, தகடு போலப் படுத்துக் கிடந்தன.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, கட்டை விரலால் நசுங்கிய காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பஞ்சர்னு சொன்னேனேடா" என்றார்.

முன் வீலைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் இதைக் கவனியுங்கள். அச்சைச் செருகிய பிறகு, நட்டை முறுக்கும் முன், டிரைவைக் கையால் லேசாக அசைத்துக்கொண்டே வீலைச் சுற்றினால் காது பள்ளத்தில் 'டக்'கென்று விழுவது கையிலேயே தெரியும். அது விழாமல் நட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. பஞ்சர் கடையில் நின்று இதை நாமே பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

டிரைவ் புதிதாகவே கிடைத்தது, பெரிய செலவில்லை. கேபிளையும் இதே சமயத்தில் கவனித்தேன். உள் கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, தரையில் நேராகப் போட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது மடங்கியிருந்தால் அந்த இடத்தில் துள்ளும். துள்ளுகிற கேபிளைப் போட்டால் முள்ளும் துள்ளும், மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிரீஸ் போடும்போது வீல் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் மெல்லிசாகப் பூசினால் போதும், மீட்டர் பக்கத்து மேல் பங்கில் பூசவே கூடாது. உள் கேபிள் முறுக்குக் கம்பி, அது சுற்றும்போது கிரீஸ் அந்த முறுக்கு வழியாக மெல்ல மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் கிரீஸ் போனால் முள் தாறுமாறாக எகிறும். கிரீஸ் நிறைய வைத்தால் நல்லது என்று நினைத்துத்தான் எத்தனையோ மீட்டர்கள் பாழாகின்றன. அதே போல, கேபிளை அரை அடிக்குக் குறைவான ஆரத்தில் வளைத்து எங்கேயும் கட்டக் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளிப்பை இறுக்க வேண்டும்.

சரி, இப்போது மீட்டர் ஓடியது. ஆனால் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் எப்போதும் 60-இல் போகிற மாதிரி போகிறேன், எஞ்சின் சத்தமும் அதேதான், முள் 43-இல் நிற்கிறது. போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தேன், 60. செங்கல்பட்டு தாண்டி மேல்மருவத்தூர் பக்கம் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டே 10 கல் ஓட்டினேன். மீட்டர் 7 கி.மீ. ஓடி, எட்டாவதை அப்போதுதான் தொட ஆரம்பித்திருந்தது.

முள்ளும் குறைவு, கிலோமீட்டரும் குறைவு, இரண்டும் ஒரே அளவில் குறைவு. இது ஒரு பெரிய துப்பு என்பது எனக்கு அப்போது தெரியாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய மீட்டர்கள் மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவரிடம் போன பிறகுதான் தெரிந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான் கடை, ஒரு கண்ணில் வாட்ச் கடை லென்ஸ், முன்னால் பிஸ்கட் டப்பாக்களில் ரகம் ரகமாக முட்கள். நான் கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "கல்லுக்குக் கல் கிலோமீட்டர் சரியா ஓடுதா தம்பி? அத மட்டும் சொல்லு" என்றார்.

"இல்ல பாய், பத்துக்கு ஏழு."

"முள்ளு?"

"அறுபதுக்கு நாப்பத்தி மூணு."

"அப்போ மீட்டர் கெட்டுப் போகல. அது வேற வண்டி மீட்டர். உன் வண்டிக்கு ஜோடி இல்ல."

அவர் சொன்ன கணக்கை என் வார்த்தையில் எழுதுகிறேன். கிலோமீட்டர் எண்கள் பல் சக்கரத்தில் ஓடுபவை, அவற்றுக்குத் தேய்ந்து மெதுவாக ஓடத் தெரியாது, ஓடினால் சரியாக ஓடும், இல்லையென்றால் நிற்கும். ஆகவே கிலோமீட்டர் தப்பாக ஓடினால் கோளாறு மீட்டருக்கு வெளியே, அதாவது டிரைவும் மீட்டரும் பொருந்தவில்லை. கிலோமீட்டர் கல்லுக்குச் சரியாக இருந்து முள் மட்டும் தப்புக் காட்டினால் கோளாறு மீட்டருக்கு உள்ளே. அதிலும் 40-லும் 80-லும் ஒரே மாதிரி 5 குறைகிறது என்றால் முள்ளைத் தப்பான இடத்தில் செருகியிருக்கிறார்கள். 40-இல் 4, 80-இல் 8 என்று வேகத்தோடு சேர்ந்து வளர்கிறது என்றால் காந்தம் வலுவிழந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் மாறியிருக்கிறது. மீட்டரைத் திறக்காமலே, ரோட்டில் பத்து கல் தூரம் ஓட்டியே, இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம்.

இனி ஜோடி பார்ப்பது எப்படி என்பது. பெரும்பாலான பழைய மீட்டர்களில் டயலின் அடியில் 1000, 1400, 1600 என்று ஒரு சின்ன எண் இருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு, மைல் டயல் என்றால் ஒரு மைலுக்கு, கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் அது. 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆக 1000 என்று போட்டிருக்கும் மீட்டர், கேபிள் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் 60 காட்டும். ஜப்பானிய முறையில் செய்த பைக் மீட்டர்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1400, அவற்றைப் பின்பற்றி வந்த பல வண்டிகளிலும் அதுதான். என் மீட்டருக்குள் அந்தக் கடையில் வைத்தது 1400 வகை. என் வண்டியின் டிரைவ் கொடுப்பது 1000. ஆயிரத்தை ஆயிரத்து நானூறால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள், 43 வரும். மேலே இருந்தது என் பழைய டயல், அதில் 1000 என்றுதான் அச்சு. டயலை நம்பினேன், உள்ளே மாறியிருக்கும் என்று தோன்றவே இல்லை. இது சின்ன விஷயமில்லை. 60 போகிறோம் என்று முள்ளைப் பார்த்து நம்பி ஓட்டுபவர் உண்மையில் 84-இல் போய்க்கொண்டிருப்பார், அதுவும் பழைய டிரம் பிரேக்கோடு.

டயல் எண்ணை நம்பாமல் வண்டியிடமே கேட்டுவிடலாம். டயரில் காற்றைச் சரியாக வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டி மேல் ஆள் உட்கார்ந்திருக்க, நேராகத் தள்ளி முன் வீல் சரியாகப் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும். மீட்டர் பக்கத்துக் கேபிள் முனையில் காகிதக் கொடி ஒன்றை ஒட்டி, அதே பத்துச் சுற்றில் கொடி எத்தனை முறை சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ண வேண்டும். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து வாய்விட்டு எண்ணினார், தம்பி தள்ளினான், நான் வண்டி மேல். 3.25-19 டயரில் எங்களுக்குப் பத்துச் சுற்றுக்கு 19.9 மீட்டர் வந்தது, கொடி 20 சுற்று. இருபதை 19.9-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 1005. ஆக 1000 மீட்டர்தான் இதற்கு ஜோடி, சந்தேகமே இல்லை. டயர் சைஸ் மாற்றியவர்களுக்கும், எந்த வண்டியின் வீல் என்றே தெரியாமல் மாட்டி ஓட்டுபவர்களுக்கும் இந்த முறை மிகவும் உதவும்.

பாய் இரண்டு வாரம் தேடி, அடிபட்டு டயல் நொறுங்கிய ஒரு 1000 மீட்டர் பிடித்து வைத்திருந்தார். அதன் உள்பாகமும் என் பழைய டயலும் சேர்ந்தால் ஒரு முழு மீட்டர். முள்ளைக் கழற்றுவதற்கு முன் அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முள் நிற்கும் இடத்தில் ஒரு சின்ன முளை இருக்கிறது, பூஜ்யத்தில் முள் அதில் சாய்ந்து நிற்கும். ஆனால் அது முள்ளின் சொந்த இடமில்லை. முள்ளை மெல்லத் தூக்கி முளையைத் தாண்டி விட்டால், ஸ்பிரிங் அதை இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்தும், அதுதான் சொந்த இடம். பாய் அந்த இடத்தைப் பென்சிலால் தகட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். திரும்ப மாட்டும்போது முள் அங்கேதான் உட்கார வேண்டும், முளைக்கு நேராகச் செருகினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு தப்பு வரும். டயலுக்கு மேல் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 'வி' மாதிரி வெட்டி வைத்து, இரண்டு பக்கமும் மழுங்கிய தகடு கொடுத்து, முள்ளைச் செங்குத்தாகத் தூக்கினார். சாய்த்து இழுத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் அச்சு முறிந்துவிடும், அது முறிந்தால் மீட்டர் முடிந்தது.

முள்ளின் நிறமும் ஜோடிதான். வாங்கி வந்த மீட்டரின் முள் பளீர் வெள்ளை, என் டயலின் எழுத்துகள் மஞ்சள் பாரித்த வெள்ளை. என் பழைய முள்ளையும் அந்தக் கடைக்காரர்கள் மாற்றிவிட்டிருந்தார்கள். பாய் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு முள்ளாக டயல் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிக் காட்டிப் பார்த்தார். பதினோராவதோ பன்னிரண்டாவதோ பொருந்தியது. ட்யூப்லைட்டில் எல்லா வெள்ளையும் ஒன்றாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். வெளியே ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போகிற வண்டிகளின் ஹாரன் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்த முள்ளைப் பிடித்திருந்த கை நடுங்கவே இல்லை.

முள்ளைச் சரி பார்க்க டிரில் மெஷின் போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற பேட்டரி டிரில்லில் பழைய உள் கேபிள் துண்டைப் பிடித்து, அதன் சதுர முனையை மீட்டரின் பின்பக்கம் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றும் திசை முக்கியம், எதிர்த் திசையில் சுற்றினால் முள் முளையில் முட்டிக்கொண்டு நிற்கும், எண்கள் பின்னோக்கிப் போகும். சுற்று எண்ணிக்கையை அளக்க லேசர் டாக்கோமீட்டர் ஒன்று வாங்கினேன், டிரில் சக்கில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது எண்ணிவிடும். 1000 மீட்டருக்கு நிமிடத்துக்கு 667 சுற்றில் 40, 1000-இல் 60, 1333-இல் 80 காட்ட வேண்டும். எங்களுக்கு 60-இல் 58, 80-இல் 77 வந்தது. வேகத்தோடு வளரும் குறை. பாய் ஹேர் ஸ்பிரிங்கின் வெளி முனையைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கை நூல் அளவு நகர்த்தி, முள்ளின் சொந்த இடத்தை மறுபடி பார்த்து, மறுபடி சுற்றி, மறுபடி நகர்த்தி, ஒரு மணி நேரம் அதிலேயே இருந்தார். கடைசியில் 60-இல் சரியாக 60, 80-இல் 79. அதற்கு மேல் தொடாதே என்றார். காந்தத்துக்குப் புதிதாக வலுவேற்றுவது தனிக் கருவி வைத்திருப்பவர்கள் செய்யும் வேலை, வீட்டில் வேறொரு காந்தத்தை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

இந்த எண் விஷயத்தில் ஏமாந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். என் நண்பரிடம் 1950-களில் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த புல்லட் இருக்கிறது, மைல் டயல். அவருடைய பழைய மீட்டர் நின்றுபோய், வெளிநாட்டிலிருந்து ஒரு மைல் மீட்டர் வரவழைத்தார். என் வண்டிக்கு 1000 என்று கேள்விப்பட்டு அவரும் 1000 என்றே பார்த்து வாங்கினார். ஆனால் மைல் டயலில் 1000 என்றால் மைலுக்கு ஆயிரம், அவர் வண்டிக்கு வேண்டியது மைலுக்கு 1600. ஒரு மைல் 1.609 கி.மீ. என்பதால் மைலுக்கு 1600 சுற்றும் கிலோமீட்டருக்கு 1000 சுற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். விளைவு, அவருடைய மீட்டரில் மைல் என்று எழுதியிருந்தாலும் முள் காட்டியது எல்லாம் கிலோமீட்டர். பழைய வண்டி 60 மைல் வேகம் போகிறது என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார், அது 60 கி.மீ. வேகம். பத்துக் கிலோமீட்டர் கல்லுக்கு அவர் மீட்டர் பத்து 'மைல்' ஓடியபோதுதான் பிடிபட்டது. வாங்கும் முன் எண்ணையும் பாருங்கள், அது மைலுக்கா கிலோமீட்டருக்கா என்பதையும் பாருங்கள்.

நின்றுபோன அவருடைய பழைய மீட்டர் வேறு ஜாதி, ஸ்மித்ஸின் குரோனோமெட்ரிக். அதில் காந்தமே கிடையாது, உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சின்ன நேரத்துக்குள் கேபிள் எத்தனை சுற்று வந்தது என்று பல் சக்கரங்களால் எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு முள்ளைக் கொண்டுபோய் நிறுத்தும், மறுபடி எண்ணும். அதனால் முள் வழுக்கிப் போகாது, தாவித் தாவிப் போகும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பலர் பிரித்துவிடுகிறார்கள், அதன் நடையே அதுதான். அதன் ரிங் திருகுமரை உள்ளது, நெம்பாமல் திருகித்தான் கழற்ற வேண்டும். இதைப் பைக் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள், பழைய சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பார்க்கிற கை அதற்கு வேண்டும். பாய் பார்த்துவிட்டு, யாரோ எஞ்சின் ஆயில் விட்டிருக்கிறார்கள், அது காய்ந்து பிசினாகி இருக்கிறது என்றார். கழுவி, கடிகார எண்ணெய் ஊசி முனையில் தொட்டுத் தொட்டு வைத்த பிறகு ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: போர்க்கால ராணுவ வண்டி மீட்டர்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிர்வதற்காக எண்கள் மேல் உண்மையான ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். நாம் ஸ்டிக்கர் கடையில் ரேடியம் என்கிறோமே, அதுவல்ல. பூச்சு ஒளிர்வதை நிறுத்தியிருந்தாலும் கதிர்வீச்சு போகாது, ரேடியம் பாதியாகவே 1600 வருடம் ஆகும். பழுப்பேறி உதிர்கிற மாதிரி எண்கள் இருந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், திறக்காமல் விட்டுவிடுங்கள்.

என் மீட்டரை மூடும் முன் பாய் கேட்டார், "நம்பர் என்ன வைக்கணும் தம்பி? பூஜ்யமா?"

எண் உருளைகளைத் தாங்கும் கம்பியை ஒதுக்கி, சின்னப் பினியன்களை விடுவித்தால் எந்த எண்ணையும் வைக்கலாம். அதனால்தான் பழைய வண்டி வாங்கும்போது மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை நான் நம்புவதில்லை. குறைத்து வைத்து விற்பது சுத்தமான மோசடி. மீட்டர் மாற்ற வேண்டி வந்தால் பழைய எண்ணையே வையுங்கள், முடியாவிட்டால் மாற்றிய தேதியையும் பழைய எண்ணையும் எழுதி ஆர்சியோடு வைத்துவிடுங்கள். என்னிடம் போட்டோ இல்லை. ஆனால் டைரி இருந்தது. அப்பா கடைசியாக எழுதிய கிலோமீட்டர் அதில் 38,390, அதற்குப் பக்கத்திலேயே பின்னாளில் பென்சிலில் '38,412 - நின்றது' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை போன் கேமராவில் எடுத்து வைத்திருந்தேன், பாயிடம் காட்டினேன். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, போனை வாங்கி, அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் லென்ஸை மாட்டிக்கொண்டு, உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். 3, 8, 4, 1, 2.

ஆர்டிஓ ஆபீஸ் வேலை அடுத்த வாரமே முடிந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து மதுராந்தகம் ஏரி வரைக்கும் போனேன். அவருக்கு 76 வயது, முழங்கால் மடங்குவதில்லை, ஏறுவதற்கே ஐந்து நிமிடம். போகிற வழியெல்லாம் என் தோளுக்கு மேல் எட்டி எட்டி மீட்டரைப் பார்த்தார். 20-க்குக் கீழே முள் லேசாக ஆடுகிறது, கேபிளில் எங்கோ ஒரு இடம் இன்னும் சரியில்லை, அது புதிதாக மாற்ற வேண்டும். திரும்பும்போது பங்க்கில் 5 லிட்டர் போட்டோம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் டைரியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வண்டி மேல் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே எழுதினார். 38,479. பிறகு ஸ்கேல் எடுத்து வரச் சொன்னார், கட்டம் கோணலாகப் போயிருக்கிறதாம்.